அளவான பழக்கம்

"உங்களை எங்களுக்குத் தெரியாதே" என்று வங்கி மேலாளர் சொன்னபோது, நான் மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்த நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சாய்வதும் நிமிர்வதும் அரைவட்டம் சுற்றுவதுமாக அதை அனுபவித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாய்மானத்துக்கு ஸ்பாஞ்ச் வெட்டிய எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி நான் தைச்சது."

அவர் எழுந்து நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா அது உங்களுக்கும் நாற்காலிக்கும் உள்ள பழக்கம். உங்களுக்கும் பேங்குக்கும் என்ன பழக்கம்?"

"கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்கதான் சார் கணக்கு வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீங்க. ஒரு தடவையாவது கடன் வாங்கியிருக்கீங்களா?"

"இல்ல சார்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"பார்த்தீங்களா? பணத்தைப் போட்டீங்க, எடுத்தீங்க. எங்களை ஒரு நாளாவது கவலைப்பட வச்சீங்களா? அப்புறம் உங்க நினைப்பு எங்களுக்கு எப்படி வரும்?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இத்தனை வருடமாக ஒரு வங்கியைக் கவலைப்பட விடாமல் வைத்திருந்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

என் தொழில் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைப்பது. வெட்டுவதும் ஆணி அடிப்பதும் நான், மெஷினில் தைப்பது என் மனைவி. கடையின் வரவு செலவையும் என் வாயையும் கட்டுக்குள் வைத்திருப்பவளும் அவள்தான். பெரிய மேஜை நாற்காலிக் கம்பெனி ஒன்று எங்கள் தெருவுக்கே வந்து, "கடையை மூடிட்டு எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்க, ரெண்டு பேருக்கும் சீருடை தர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பூட்டிக் கிடந்த தியேட்டரை வாங்கிய புது முதலாளி எங்கள் கடைப் படியேறினார். நானூறு இருக்கைகள். எல்லாவற்றுக்கும் புது ஸ்பாஞ்ச், புது ரெக்ஸின். வேலை முடிந்ததும் மொத்தப் பணமும் கைக்கு வரும், ஆனால் முன்பணம் ஒரு பைசா கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துக் கொடுக்காவிட்டால் அதே கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிடுவார். கனமான ரெக்ஸினைத் தைக்கிற பெரிய மெஷினும் நானூறு இருக்கைக்குச் சரக்கும் வாங்க எங்களிடம் காசு இல்லை. கடன் கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் சீருடை. விஷயம் இவ்வளவுதான்.

மேலாளர் தன் கொள்கையை விளக்கினார்.

"மத்த பேங்க் எல்லாம் சொத்தைப் பார்ப்பாங்க. நாங்க மனுஷனைப் பார்க்கிறோம். ஒரு வீட்டுக்கு விலை போட ஒரு மணி நேரம் போதும். ஒரு மனுஷனைப் பார்க்க எங்களுக்கு மாசக்கணக்கா ஆகும். மனுஷனுக்கு நாங்க அவ்வளவு மரியாதை குடுக்கிறோம்."

சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் மூன்று கட்டங்கள். அந்நியம், அளவான பழக்கம், நெருக்கம். நடுக்கட்டத்துக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள்.

"அந்நியருக்குக் கடன் குடுத்தா அது முட்டாள்தனம். நெருங்கினவங்களுக்குக் குடுத்தா சலுகை. அளவான பழக்கம் இருக்கிறவங்களுக்குக் குடுத்தாத்தான் அது பேங்கிங்" என்றார்.

"அளவுன்னா எவ்வளவு சார்?"

"தெருவுல பார்த்தா தலையாட்டணும். நின்னு பேசக்கூடாது."

என்னோடு பழகுவதற்காக ஓர் அலுவலரை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். நான் எழுந்து கும்பிட்டேன். பழக ஆரம்பித்துவிட்டதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பழக்க அலுவலர் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்மண்டை காலியாகி, மிச்ச முடியைப் பக்கவாட்டிலிருந்து இழுத்து ஒப்பேற்றியிருந்தார். கையில் ஒரு பலகைக் கணினி. வாசலில் நின்றபடியே, "நான் உங்களோட பழக வந்திருக்கேன்" என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை நாங்கள் அதுவரை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டேன்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பழகிக்கிறேன்" என்று உட்கார்ந்து எங்களையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

உற்றுப் பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது? அன்று முழுக்க நான் வெட்டிய ஸ்பாஞ்ச் எதுவும் நேராக வரவில்லை. நான் இருமினால் குறித்துக்கொண்டார். மனைவி என்னைத் திட்டினால், "இது வழக்கமான திட்டா, விசேஷமா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு எந்த நிறம் பிடிக்கும், மழை பெய்தால் என்ன செய்வேன், கடைசியாக எதற்குச் சிரித்தேன் என்றெல்லாம் விசாரித்தார். கடனைத் திருப்பிக் கட்டுவேனா என்று மட்டும் கேட்கவில்லை. அது என் சொந்த விஷயமாம், அதில் வங்கி மூக்கை நுழைக்காதாம்.

ஒரு வாரம் போனது. பழக்கம் முளைக்கவில்லை என்று அவரே வருத்தமாகச் சொன்னார்.

"என்ன குறைச்சல் தம்பி?" என்றாள் மனைவி.

"நான் கேக்காமலே நீங்களா மனசு விட்டு ஏதாவது சொல்லணும்க்கா. அதுதான் பழக்கத்துக்கு அடையாளம்னு விதியில இருக்கு."

நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்து, மறுநாள் சொன்னேன். "எனக்குச் சின்ன வயசுல நீச்சல் கத்துக்கணும்னு ஆசை. யாரும் கத்துக் குடுக்கல."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு அழித்தார்.

"இது செல்லாதுங்க. கேக்காம சொல்லுங்கன்னு நான் கேட்டதாலதான் சொல்றீங்க."

அதற்கு மேல் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சும்மாதானே உக்காந்திருக்கே, இந்த ரெக்ஸின் ஓரத்தைப் பிடி" என்று நீட்டினாள். அவரும் பிடித்தார். முதலில் இரண்டு விரலால் பிடித்தார். "இழுத்துப் பிடி, அது உன்னைக் கடிக்காது" என்று ஒரு அதட்டல் போட்டதும் முழுக் கையாலும் பிடித்தார். சாயங்காலம் போகும்போது முழங்கை வரைக்கும் பஞ்சு ஒட்டியிருந்தது. முகத்தில் அதுவரை நாங்கள் பார்க்காத ஒரு களை.

அதற்குப் பிறகு அவர் பலகைக் கணினியை ஓரமாகப் போட்டுவிட்டார். பழைய ஆணி பிடுங்குவார், ஸ்பிரிங் கட்டுவார். தைத்து முடித்த சோபாவைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்து அப்படியே தூங்கியும் போவார். மதியம் நாங்கள் சாப்பிடும்போது வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தவரை, "தனியா என்ன அங்க?" என்று மனைவி ஒரு நாள் இழுத்து உட்கார வைத்தாள். ஒற்றையாளாக ஓர் அறையில் குடியிருப்பதாகவும், சாயங்காலம் ஆனால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்றும் சாப்பிட்டபடியே சொன்னார். பழகுவது அவருக்குப் பிழைப்பு. ஆனால் பழகிய ஆள் என்று அவருக்கு ஒருவர்கூட இல்லை. எனக்கு மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்று முதல் எங்கள் சாப்பாட்டுத் தட்டு மூன்றானது, "அவர்" அவன் ஆனான், பழக்க அலுவலர் எங்களுக்குத் தம்பி ஆனான்.

நல்லபடியாகத்தான் அறிக்கை எழுதினான். எழுதிவிட்டு எங்களிடமே படித்துக் காட்டினான். "இவர்கள் சொன்ன தேதியில் சொன்ன வேலையை முடிப்பவர்கள். ஊசி வாங்கிய கடையில்கூடப் பாக்கி வைக்காதவர்கள். அக்காவின் சாப்பாடு மிக நன்றாக இருக்கும்." கடைசி வரி எதற்கு என்று கேட்டேன். உண்மைதானே என்றான்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கடன் வந்துவிட்டது என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனோம். அவர் அறிக்கையைத் துக்கச் செய்தி போலக் கையில் பிடித்திருந்தார்.

"அக்கான்னு எழுதியிருக்காரே!"

"வயசுல பெரியவங்க சார், அப்படித்தானே கூப்பிடுவாங்க" என்றேன்.

"சாப்பாடு வேற! சார், நீங்க நெருக்கத்துக்குப் போயிட்டீங்க. இனிமே உங்களுக்குக் கடன் குடுத்தா எங்க ஆளுக்கு நாங்களே குடுத்துக்கிட்ட மாதிரி."

"முந்தி தெரியாதுன்னு சொன்னீங்களே சார்?"

"அப்ப நீங்க யாரோ. இப்ப நீங்க எங்க ஆளு. ரெண்டு பேருக்கும் கடன் கிடையாது."

"அதுக்கும் இதுக்கும் நடுவுல அளவா ஒரு நாள் இருந்திருக்குமே சார்?"

மேலாளர் யோசித்தார். காலண்டரைப் புரட்டினார். "இருந்திருக்கும். போன செவ்வாய்க்கிழமையா இருக்கலாம். அன்னைக்கு நீங்க வந்திருக்கணும்."

என் மனைவி முன்னால் வந்தாள். "சார், இந்த ஊருக்கே தெரியும், அந்த அடுக்குமாடி கட்டுறவருக்கு நீங்க கோடிகோடியா குடுத்திருக்கீங்க. அவர் உங்களுக்கு அளவான பழக்கமா?"

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அவர் விஷயம் ஒரு முன்மாதிரிம்மா. அவரை நாங்க யாரும் கண்ணால பார்த்ததே இல்ல. ஃபைல் மட்டும் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். டீ கூட ஒண்ணாக் குடிச்சதில்ல. எவ்வளவு சுத்தமான தூரம் பாருங்க!"

"திருப்பிக் கட்டுறாரா?"

"வெளிநாடு போயிட்டார். இப்ப தூரம் இன்னும் கூடியிருக்கு."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தியேட்டர் முதலாளி கடைவாசலில் நின்று, "மெஷின் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, எதிர்ப்புறம் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த விளம்பரத்தை எங்கள் எதிரிலேயே நின்று படித்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் மேலாளரிடமே போய் விழுந்தேன். அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கிருந்து இடைவெளிக் குழு வந்தது.

மூன்று பேர். தலைவர், செயலாளர், அளவெடுப்பவர். அளவெடுப்பவர் கையில் நிஜமாகவே ஒரு டேப் இருந்தது. மேலாளர் அறையில் எங்களையும் தம்பியையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவே டேப்பை இழுத்துப் பார்த்து, "கிட்டதான் இருக்காங்க" என்று உறுதி செய்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவலைப்படாதீங்க. நெருக்கத்தைக் குறைக்க வழி இருக்கு. எங்க முன்னிலையில நீங்க ஒரு சின்ன மனஸ்தாபம் பண்ணிக்கணும். பெரிய சண்டை வேண்டாம், அது உங்களை அந்நியத்துல கொண்டு போய் விட்டுடும். ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசாம இருக்கிற அளவுக்கு ஒரு மனஸ்தாபம். போதும்."

மனைவி, "சண்டைதானே, அதை என்கிட்ட விடுங்க" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏண்டா, ரெக்ஸினைப் பிடிடான்னா சோபாவுல தூங்குறியே, வெக்கமா இல்ல உனக்கு? மூணு வேளையும் வந்து உக்காந்து சாப்பிடுறியே, ஒரு நாளாவது ஒரு பழம் வாங்கிட்டு வந்தியா? கை வீசிக்கிட்டு வர்றே, கை வீசிக்கிட்டுப் போறே!"

செயலாளர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் தம்பிக்கு உதடு துடித்தது. அவனுக்கு அது நாடகம் என்று தெரியும். இருந்தாலும் பழம் வாங்கி வராதது நிஜம். கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

அவ்வளவுதான். என் மனைவி சண்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் அவன் தலையைத் தடவினாள். "டேய், சும்மா சொன்னேன்டா. நீ கொண்டுவந்துதான் எங்க வீடு நிறையணுமா? கண்ணைத் தொடை."

அளவெடுப்பவர் டேப்பை மறுபடியும் இழுக்க வந்தார். இழுப்பதற்கு இடமில்லை.

குழு தனியாகக் கூடிப் பேசியது. தலைவர் வந்து தீர்ப்புச் சொன்னார். "சண்டையும் போட்டாச்சு, சமாதானமும் ஆயாச்சு. இது நெருக்கத்தைத் தாண்டி அடுத்த படி. இதுக்கு எங்க பலகையில கட்டமே இல்ல. வருத்தமா இருக்கு." அவர் ஃபைலை மூடினார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கம்பெனிச் சீருடை கண்ணில் தெரிந்தது. என் மனைவியின் கை அவன் தலைமேலேயே இருந்தது. அதை எடுக்கச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

அப்போது தம்பி எழுந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டையைச் சரிசெய்தான்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

தலைவர் மூடிய ஃபைலை மறுபடியும் திறந்தார்.

"இப்ப அழுதீங்களே?" என்றார் தலைவர்.

"கண்ணுல பஞ்சு விழுந்துடுச்சு சார்."

"தினமும் அங்க சாப்பிட்டீங்களே?"

"யார் வீடுன்னு கவனிக்கல சார். பசி."

"எழுத்துமூலமா குடுப்பீங்களா?"

குடுத்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. செயலாளர் அந்தத் தாளை வாங்கித் தலைவரிடம் கொடுக்க, தலைவர் முகத்தில் ஒரு பெரிய கணக்குக்கு விடை கிடைத்த சந்தோஷம் பரவியது.

"அறிக்கைப்படி நெருக்கம். வாக்குமூலப்படி அந்நியம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா?"

"அளவான பழக்கம்!" என்று மேலாளர் துள்ளி எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

கடன் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. கடன் தீரும் வரைக்கும் பழக்கம் இதே அளவில் இருக்க வேண்டும். நெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் மொத்தப் பணத்தையும் அன்றே திருப்பிக் கட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் நான் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தேன். மனைவி குதிக்கவில்லை. "எப்படிங்க அவன் அப்படிச் சொல்லலாம்? தெரியாதாமே! என் கையால தின்னவன்! யார் வீடுன்னு கவனிக்கலையாம்!"

"நமக்காகத்தாண்டி சொன்னான்."

"தெரியும். அதுக்காக? இருக்கட்டும், ஒரு நாள் கையில மாட்டுவான்."

மெஷின் வந்தது. ரெக்ஸின் உருளைகள் கடையை அடைத்துக்கொண்டு நின்றன. ஓரம் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் பாதி நேரத்தில் முடிகிற வேலை. மனைவி தைத்துக்கொண்டே பழக்கத்தில், "பிடிடா" என்று கையை நீட்டுவாள். நான் வெட்டுவதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பேன். மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பாள். எனக்கும் அவன் இல்லாதது கஷ்டமாகத்தான் இருந்தது. அவனோ தினமும் வங்கியிலிருந்து எதிர்ப்புற நடைபாதையில் வருவான். விதிப்படி தலையாட்டுவான். நாங்களும் விதிப்படி தலையாட்டுவோம். நாளாக ஆகத் தலையாட்டுவதிலேயே, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே, எத்தனை இருக்கை முடிந்தது என்று எல்லாவற்றையும் பேசப் பழகிக்கொண்டோம். பழக்கத்தின் அளவைச் சரிபார்க்க ஒரு நாள் டேப்புக்காரர் வந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அளவான பழக்கத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. தியேட்டர் திறந்த அன்று எங்களுக்கும் இலவசச் சீட்டு கிடைத்தது. ஐந்து வரிசை தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். படத்தை அவன் பார்க்கவே இல்லை. குனிந்து இருக்கையின் ஓரத் தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் எழுந்து, எங்கள் பக்கம் பார்க்காமல், இருக்கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

முதலாளி சொன்னபடி மொத்தப் பணத்தையும் கொடுத்தார். மறுநாள் காலை வங்கி திறக்கும் முன்னரே என் மனைவி வாசலில் நின்றாள். நானும் பின்னால் நின்றேன்.

"மொத்தக் கடனையும் கட்டப் போறோம்."

மேலாளருக்கு முகம் வாடிவிட்டது. "இன்னும் எத்தனையோ மாசம் இருக்கே! இவ்வளவு சீக்கிரம் கட்டினா எங்களைப் பிடிக்கலைன்னு அர்த்தம்மா. அதுக்கு அவசரக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு."

"அதையும் எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டார். கடன் தீர்ந்த சீட்டில் முத்திரை குத்தியபடியே, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த சுற்றறிக்கையை எங்களுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினார். "'அலுவலரிடமிருந்து வாடிக்கையாளரைத் தள்ளி வைத்தால் தவணை ஒழுங்காக வருகிறது என்பது சோபா தைப்பவர் மூலம் நிரூபணமாகியிருக்கிறது. எல்லாக் கிளைகளும் பின்பற்றவும்.' பார்த்தீங்களா? உங்களை வச்சு ஒரு கொள்கையே உருவாயிருக்கு!"

என் மனைவி சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு வங்கியின் கூடத்துக்கு நடுவே போய் நின்று, கடைசி மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"தம்பி! சாப்பிட வா!"

பணம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். மேலாளர் பதறிக்கொண்டு அறைக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க! உங்களுக்கு இப்போ பத்து மடங்கு கடன் தரலாம்னு மேலேர்ந்து உத்தரவே வந்திருக்கு. பழக்கம் அவ்வளவு அளவா இருக்கு. நீங்க இப்ப கூப்பிட்டதை மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க. நாங்க யாரும் கேக்கல."

பத்து மடங்கு. எனக்கு வாய் ஊறியது, பொய் சொல்வானேன். அடுத்த ஊரில் இரண்டு தியேட்டர் பூட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேஜையில் இருந்தபடியே தயங்கித் தயங்கிச் சொன்னான். "வாங்கிக்கங்க. கடை பெரிசாகும். நான் எதிர்ப்பக்கமாவே போயிக்கிறேன்."

"நீ போயிக்குவே, தட்டை யார் எடுத்து எடுத்து உள்ள வைக்கிறது? எழுந்து வாடா. ஆறுது."

தம்பி மேலாளரைப் பார்த்தான். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தான். நானும் பத்து மடங்கைப் பற்றி மேலாளரிடம் ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்தேன்.

தெருவைக் கடக்கும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, அன்னைக்கு உங்களைத் தெரியாதுன்னு நான்..."

"அதுக்குத் தனியா இருக்கு உனக்கு" என்றாள் அவள். "மொதல்ல சாப்பிடு."